தொட்டிலாட்டியின் கணக்கு

சுருள் எழுதுகிறவர் வெஸ்ட்மின்ஸ்டரிலிருந்து வந்திருக்கிறார்.
கன்றுத்தோல், முப்பது முழம்.
அரச குலத்தின் மணமும் மக்களும்
வட்டம் வட்டமாய் அதில் ஏறவேண்டுமாம்.
மணத்துக்குச் சிவப்புக் கோடு. பிறப்புக்குப் பச்சை.
"ராணிக்கு மொத்தம் எத்தனை?"
இறகை மையில் தோய்த்தபடி கேட்கிறார்.

ராணி கல்லறையில். ராஜா பிரான்சில், ஏதோ மதிலுக்கு வெளியே.
மிச்சம் இருப்பவள் நான்.
தாமசின் ஹெப்பிள்வைட், தொட்டிலாட்டி.
அரையாண்டுக்கு இருபத்தாறு வெள்ளிக் காசு,
ஒரு கம்பளி மேலங்கி,
இரவுக்கொரு மெழுகுவர்த்தி, எரிந்த மிச்சமும் எனக்கே.

பதினொன்று, ஐயா.

அவர் எழுதிவைத்திருப்பது ஐந்து.

முதல் எட்மண்டுக்கு இரண்டு தொட்டில்.
பகலுக்கு ஒன்று, வெள்ளிச் சிங்கம் பதித்தது,
வந்தவர் போனவர் பார்க்க.
அது ஆடாது, அவ்வளவு கனம்.
இரவுக்கு ஓக் மரத்தில் ஒன்று. அது என்னுடையது.
பல் முளைக்காத வாய்க்கு
பிரபான்டில் பெண் பேசி முடித்தார்கள்.
சீராக மூன்று கோட்டை, ஒரு துறைமுகத்துச் சுங்கம்.
சளி கட்டி அவன் போனது செவ்வாய் இரவு.
என் கூலி செவ்வாயோடு நின்றது.
கணக்கர் சுத்தமான மனிதர்.

அடுத்தவனுக்கும் எட்மண்ட் என்றே பேர்.
அதே பெண், அதே ஒப்பந்தம்.
தேதியை மட்டும் கத்தியால் சுரண்டி மாற்றினார்கள்.
பிறகு இன்னொரு முறையும் சுரண்டினார்கள்.
உங்கள் சுருளில் இருக்கிறவன் மூன்றாமவன்.
மெத்தையில் ஏற்கனவே ஒரு பள்ளம் இருந்தது,
அதில் பொருந்திப் படுத்துக்கொண்டான்.

செங்கீரை ஆடும் மாதம்வரை இருந்தது ஒன்று.
கை கொட்டும் மாதம்வரை ஒன்று.
நிலாவைக் கூப்பிட்டது ஒன்றே ஒன்று,
ஜன்னல் கம்பியைப் பிடித்து, இரண்டு இரவு.
இன்னொன்றுக்குத் தண்ணீர் தெளிக்கவே நேரமில்லை.

ஒவ்வொன்றுக்கும் பிறகு
ராணியின் மார்பை லினன் துணியால் இறுக்கிக் கட்டுவார்கள்.
பால் வற்றினால்தானே அடுத்தது.
ஒரு நாள் நடுச்சாமத்தில் வெறுங்காலோடு வந்தாள்.
என்னை எழுப்பாமல் தானே ஆட்டினாள்.
வேகம் அதிகம். பிள்ளை விழித்து வீறிட்டது.
"எனக்கு வரவில்லை" என்றாள், என் மொழியில்,
அதுவரை அவள் அதைப் பேசி நான் கேட்டதில்லை.

அமீசியா இருக்கிறாள் அல்லவா உங்களிடம்?
சரி. ஆறு வயதில் கல்யாணம்.
மாப்பிள்ளை காஸ்டீலில். மாப்பிள்ளைக்குப் பதில் தூதர்,
நரைத்த தாடி,
ஒரு காலுறையை மட்டும் கழற்றிவிட்டு
அந்தக் காலை அவள் படுக்கையில் வைத்தார்.
அதுதான் சடங்கு. சாட்சி பதினான்கு பேர்.
"உங்கள் கால் சில்லென்று இருக்கிறது" என்று அவள் சிரித்ததை
ஒருவரும் எழுதிக்கொள்ளவில்லை.

பிளிமத்தில் கப்பலேறும்போது கேட்டாள்:
அங்கே ஆட்டுகிறவர்கள் உண்டா?
கடல் ஆட்டும் கண்ணே என்றேன்.
கடலை அன்றுதான் நானே முதலில் பார்க்கிறேன்.
ஏழு மாதம் கழித்து யாரோ எழுதிக் கொடுத்த கடிதம்,
அடியில் அவள் கையால் ஒரு வரி:
தாமசின், அதற்கு நிறுத்தத் தெரியவில்லை.

எழுதுகிறவர் தொண்டையைச் செருமுகிறார்.
பேரில்லாததற்கும் மண்டபம் ஏறாததற்கும்
வட்டம் போடும் வழக்கமில்லை, அம்மா.
தோல் விலை என்ன தெரியுமா?
தெரியாது. எட்டணை எண்ணெய் விலை தெரியும்,
சளிக்கு எந்த எண்ணெய் என்றும் தெரியும்.

அவர் குனிந்து பச்சைக் கோட்டை இழுக்கிறார்,
ராணியிலிருந்து மூன்றாம் எட்மண்டுக்கு.
கோடு நடுங்குகிறது.
மறுபடி இழுக்கிறார். மறுபடி வளைகிறது.
"மேஜை ஆடுகிறதே" என்று கீழே பார்க்கிறார்.

மன்னியுங்கள், ஐயா.
என் கால்.